சொந்த மந்தையின் கம்பளியில் பின்னல் நூல்: இயந்திரத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: எங்களிடம் 60 செம்மறி ஆடுகள் இருக்கின்றன. வெள்ளை, கறுப்பு, பழுப்பு எல்லாம் கலந்த மந்தை. கத்தரித்த உரோமத்தை இதுவரை கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டோம். போன முறை கொஞ்சத்தைக் கழுவி, கையால் நூற்று, பின்னல் போடுகிறவர்களிடம் கொடுத்துப் பார்த்தோம். நிறம் அழகு என்றார்கள். ஆனால் உடம்பில் குத்துகிறது, பின்னும்போதே அறுகிறது, செத்தை உதிர்கிறது என்றும் சொன்னார்கள். சீவும் இயந்திரம் வாங்கினால் சரியாகுமா? மண்ணையும் நீரையும் கெடுக்காமல் இதைச் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆசை.

பதில்: இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் செத்தையை மட்டும் அது ஓரளவு குறைக்கும். மற்ற இரண்டையும் தொடக்கூடத் தொடாது. குத்துவதும் அறுவதும் பெரும்பாலும் ஆட்டின் முதுகிலேயே முடிவாகிவிடுகின்றன.

முதலில் குத்தல். கம்பளி என்றாலே குத்தும் என்று நினைக்க வேண்டாம். 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் நுனி தோலில் பட்டால் வளையாது, ஊன்றி நிற்கும். அப்படிப்பட்ட இழைகள் நூலில் சுமார் 5 சதவீதம் இருந்தாலே பலருக்கு உறுத்தத் தொடங்கிவிடும். ஒரே ஆட்டில்கூட உரோமம் ஒரே மாதிரி இருப்பதில்லை. தோளிலும் விலாவிலும் மெல்லியது; தொடைக்குப் போகப் போகத் தடிப்பு. நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து நூற்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல தோள் உரோமத்தை ஒரு பிடி தொடை உரோமம் கெடுத்துவிடும். தோளும் விலாவும் ஒரு பை, தொடை வேறு பை. வயிற்று உரோமமும் சாணம் ஒட்டியதும் நூலுக்கே வேண்டாம். தொடை உரோமம் வீணில்லை. விரிப்புக்கும் பைக்கும் அதுதான் உழைக்கும். குட்டிகளின் முதல் கத்தரிப்பைத் தனியாக எடுத்து வையுங்கள். பெரும்பாலும் மந்தையிலேயே மென்மையானது அதுதான்.

உரோமத்துக்குள் சுண்ணாம்பு போல வெளுத்து, மொடமொடவென்று ஒடியும் முரட்டு மயிர் தென்படுகிறதா என்றும் பாருங்கள். அது சாயமும் சரியாக ஏற்காது. கழுவியோ சீவியோ அதை முழுதாக நீக்க முடியாது. இனப்பெருக்கத்தில்தான் குறைக்க வேண்டும். கிடாவைத் தேர்ந்தெடுக்கும்போது உடல்வாகை மட்டும் பார்க்காமல், வெயிலில் நிறுத்தித் தோள், விலா, தொடை மூன்று இடத்திலும் உரோமத்தைப் பிரித்துப் பாருங்கள்.

அடுத்து, அறுவது. பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை எடுத்து, இரு நுனிகளையும் பிடித்துக் காதருகே வைத்துச் சுண்டி இழுங்கள். கணீரென்று நின்றால் உரோமம் திடம். உங்கள் நூலில் முறுக்குதான் போதவில்லை. எல்லா இழையும் ஒரே இடத்தில் படபடவென்று அறுந்தால், அந்த இடம் வளர்ந்த நாட்களில் ஆடு காய்ச்சலோ தீவனக் குறைவோ பட்டிருக்கிறது. குட்டி ஈன்று பால் கொடுக்கும் காலத்திலும் இப்படி மெலியும். அதனால்தான் ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கத்தரிக்கச் சொல்கிறோம்; மெலிந்த பகுதி கற்றையின் நடுவில் விழாமல் நுனியோடு போய்விடும். ஆனால் சினை ஆட்டை மென்மையாகப் பிடிக்க வேண்டும். கத்தரித்த பின் குளிருக்கும் மழைக்கும் ஒதுக்கிடமும், கூடுதல் தீவனமும் கட்டாயம். இதற்கு வசதி இல்லையென்றால் ஈன்று தேறிய பிறகே கத்தரியுங்கள். நூலைவிடத் தாயும் குட்டியும் முக்கியம்.

செத்தைக்கு வழி எளிது. கத்தரிப்புக்கு முந்தைய வாரங்களில் முள்ளும் ஒட்டும் விதையும் உள்ள மேய்ச்சலுக்கு விடாதீர்கள். வைக்கோலைத் தலைக்கு மேலிருந்து போட்டால் அது கழுத்தில்தான் விழும். தாழ்ந்த தொட்டியில் வையுங்கள். உரோமம் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில், கூட்டிய தரையில், வெள்ளை ஆடுகளை முதலிலும் நிற ஆடுகளைப் பிறகும் கத்தரியுங்கள். விட்ட இடத்தில் திரும்பவும் கத்தரி ஓட்ட வேண்டாம். அந்தக் குட்டைத் துணுக்குகள்தான் பின்னலில் உருண்டை உருண்டையாகத் திரளும். பிளாஸ்டிக் சாக்கும் நைலான் கயிறும் பக்கத்திலேயே வரக்கூடாது. உரோமத்தில் கலந்த பிளாஸ்டிக் இழையைப் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு. பருத்தித் துணிப் பை போதும்.

கழுவுவதில் பலர் தவறுவது சூட்டில். உரோமத்தின் லனோலின் மெழுகு சுமார் 40 டிகிரியில்தான் உருகும். அதனால் தண்ணீர் 60 டிகிரி அளவில் இருக்கட்டும். ஆறுவதற்குள் உரோமத்தை எடுத்துவிடுங்கள், இல்லையேல் மெழுகு திரும்ப ஒட்டிக்கொள்ளும். காரம் குறைந்த சோப்பு போடுங்கள். சலவைச் சோடா வேண்டாம், காரம் கம்பளியை அரிக்கும். அமிழ்த்தி வைத்தால் போதும், கசக்கக்கூடாது. அலசும் நீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். சூட்டிலிருந்து குளிருக்கு மாற்றிக் கசக்கினால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு திரண்டுவிடும். தொடக்க காலத்தில் ஓர் ஆட்டின் முழு உரோமத்தை நான் அப்படி இழந்திருக்கிறேன். அதை மீட்க வழியே இல்லை. கழுவினால் எடை பாதி வரை குறையலாம், பயப்பட வேண்டாம்.

சோப்புக்கு முன் ஓரிரவு வெறும் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் வியர்வை உப்பும் மண்ணும் இறங்கிவிடும். அந்த நீரில் பொட்டாசியம் உண்டு. நீர்த்துச் செடிகளுக்கு ஊற்றலாம். மெழுகு கலந்த சோப்பு நீரை ஓடையிலோ கிணற்றருகிலோ விடாதீர்கள். கழித்த உரோமத்தை மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள். மெதுவாக மட்கித் தழைச்சத்து தரும்.

கற்றை நீளமாக இருந்தால் சீப்பால் வாரி நூற்கலாம். வழுவழுப்பான, உறுதியான நூல் வரும். குட்டையானது, கம்பிப் பல் பலகையிலோ இயந்திரத்திலோ சீவி நூற்க ஏற்றது. காற்றடைத்த, கதகதப்பான நூல். எதுவானாலும் ஒற்றை இழையாக விற்காதீர்கள். இரண்டு இழைகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால்தான் பின்னல் கோணாது.

மண்ணைக் கெடுக்காத நூல் என்று சொல்லி விற்க விரும்பினால் மருந்துப் பதிவேடு வைத்திருங்கள். உண்ணிக்கும் ஈக்கும் தெளித்த மருந்து மெழுகில் தங்கும். மருந்துக்கும் கத்தரிப்புக்கும் இடையே மருந்துச் சீட்டில் சொன்ன இடைவெளி வேண்டும். சான்று இல்லாமல் இயற்கை முறை என்று எழுதாதீர்கள். எந்த மந்தை, கத்தரித்த ஆண்டு, கொடுத்த மருந்து, சாயம் உண்டா இல்லையா என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கறுப்பும் பழுப்பும் உங்களுக்குச் சாயமில்லாத நிறங்கள். கறுப்பை வெள்ளையோடு அளவாகக் கலந்து சீவினால் சாம்பல் நிறங்களும் கிடைக்கும்.

இந்த முறை 60 ஆட்டையும் எடுக்க வேண்டாம். கற்றைச் சோதனையில் தேறிய 10 ஆடுகளை மட்டும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பையும் ஆட்டின் அடையாள எண்ணும் வைத்து, நூலாக்கி, அதே பின்னல்காரர்களிடம் கொடுங்கள். எந்த ஆட்டின் நூலை அவர்கள் திரும்பக் கேட்கிறார்களோ, அதன் குட்டிகளைப் பட்டியில் நிறுத்திக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ தேறுகிறது என்பதும் அப்போது தெரியும். இயந்திரம் வேண்டுமா என்பதை அந்தக் கணக்கோடு மறுபடி கேளுங்கள்.