ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் வரிப்பணமும்

கேள்வி: பிறந்து ஆறு வாரமான என் பேரனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போலியோ சொட்டு மருந்தோடு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். மருந்தைத் தயாரித்து விற்பது தனியார் நிறுவனம்தானே, குழந்தை நோய் ஆராய்ச்சிக்கு அரசு ஏன் வரிப்பணத்தைச் செலவிட வேண்டும் என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: ரோட்டா வைரஸ் என்பது சிறு குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி. அதற்கு நம் நாட்டில் உருவான முதல் தடுப்பு மருந்தான ரோட்டாவாக்கின் வரலாற்றை அவரிடம் சொல்லுங்கள்.

1980களின் நடுவில், தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் மகராஜ் கிஷன் பானும் அவருடைய குழுவினரும், அங்குப் பிறந்த சிசுக்கள் சிலருக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தும் வயிற்றுப்போக்கு ஏற்படவில்லை என்பதையும், அக்குழந்தைகள் பின்னாளில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கிலிருந்து பெரிதும் தப்பினர் என்பதையும் கண்டறிந்தார்கள். அங்கே பிரித்தெடுக்கப்பட்ட 116இ என்ற வைரஸ் வகையே பின்னர் தடுப்பு மருந்தாயிற்று. அது மருந்தாகுமா என்று யாருக்கும் தெரியாத அந்த நாளில், லாபக் கணக்குப் பார்க்கும் எவரும் அதில் பணம் போட்டிருக்க மாட்டார்கள் என்றே கருதுகிறேன். இந்த நோயால் மிகுதியாக இறந்தவர்கள் ஏழை வீட்டுக் குழந்தைகள். தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 78,000 குழந்தைகள் ரோட்டா வைரஸால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருந்தனர்.

அந்த வைரஸ் மருந்தாக உரிமம் பெற்றது 2014இல்தான். இடைப்பட்ட ஏறக்குறைய முப்பது ஆண்டுகளும் பணியைத் தொடரச் செய்ததில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்குப் பெரும் பங்கு உண்டு. அது மட்டுமே போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம், கேட்ஸ் அறக்கட்டளை, மருந்தைத் தயாரித்த பாரத் பயோடெக் ஆகியோரின் பணமும் இதில் சேர்ந்திருக்கிறது. மருந்து உண்மையில் பயன் தருகிறதா என்று உரிமத்துக்கு முன் பெருமளவில் பார்க்கும் மூன்றாம் கட்டச் சோதனை 2011இல் தொடங்கியது; அதில் தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகள் பங்கேற்றனர். உங்கள் மாவட்டத்துத் தாய்மார்கள் பலர் தங்கள் கைக்குழந்தைகளைச் சேர்க்க இசைந்ததும் இந்த மருந்துக்கான முதலீடுதான். வாழ்வின் முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை இம்மருந்து ஏறத்தாழ 56 விழுக்காடு குறைத்தது. முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால் இத்தனை குழந்தைகள் நோயுறும் நாட்டில் இதுவே எண்ணற்ற உயிர்களைக் காக்கும்.

பொதுப்பணம் கலந்திருந்ததன் பயன் விலையிலும் தெரிந்தது. ஒரு தவணை மருந்தை அரசுக்கு 1 டாலர் அளவில் தர நிறுவனம் முன்வந்தது. அப்போது தனியார் மருத்துவமனைகளில் போடப்பட்ட இறக்குமதி மருந்துகளின் விலை அதைப்போலப் பல மடங்கு. 2016இல் ஆந்திரம், ஒடிசா, அரியானா, இமாச்சலப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில் தொடங்கிய இலவசத் திட்டம் படிப்படியாக நாடு முழுவதற்கும் விரிந்தது.

மருந்து சந்தைக்கு வந்த பிறகும் ஆராய்ச்சி நின்றுவிடக் கூடாது. அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற ஒரு ரோட்டா தடுப்பு மருந்து, குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொள்ளும் கோளாறை அரிதாக உண்டாக்கியதால் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அதனால் ரோட்டாவாக் புழக்கத்துக்கு வந்ததும் நாட்டின் பல மருத்துவமனைகளில் இந்தக் கோளாறு தனியே கண்காணிக்கப்பட்டது; மருந்தால் அந்த ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை என்று 2020இல் முடிவு வெளியானது. தன் சரக்கின் குறையைத் தேடும் இந்த வேலையை விற்பவரிடமே ஒப்படைப்பது முறையாகாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பேரனுக்கு 10ஆவது, 14ஆவது வாரங்களில் இன்னும் இரண்டு தவணைகள் உள்ளன. தடுப்பூசி அட்டையைப் பார்த்து அவற்றையும் தவறாமல் கொடுத்துவிடுங்கள்.