மிரளுற குதிரை, கூசுற குதிரை: முடி வெட்டுறது பத்தி கேள்வி பதில்

குதிரைக்கு மிஷின் போட்டு முடி எடுக்கறதுல வர்ற தொல்லைகளைக் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். மதுரைச் சுத்துவட்டாரத்துல இருந்துதான் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்துப் பதில் சொல்றேன்.

மேலூர்: அண்ணே, பந்தய வண்டிக்கு வச்சிருக்கற ஆண் குதிரை. கத்தரின்னா பேசாம நிக்குது. மிஷினை ஆன் பண்ணதும் பின்னாடி இழுத்துக் கயித்தையே அத்துருச்சு. என்ன பண்றது?

முதல்ல கட்டிப்போடுறதை விடுங்க தம்பி. ஓட வழியில்லைன்னு தெரிஞ்சா பயந்த குதிரைக்கு இன்னும் வெறி ஏறும். கயிறு அந்தது நல்லதாப் போச்சு, இல்லைன்னா கழுத்துல அடிபட்டிருக்கும். நீளக் கயித்துல ஒருத்தர் கையில பிடிச்சு நிக்கட்டும். பிடிக்கிறவரும் மிஷின் வச்சிருக்கறவரும் ஒரே பக்கம் நிக்கணும். ஆளுக்கொரு பக்கம் நின்னீங்கன்னா, உங்ககிட்டேருந்து விலகுற குதிரை அவர் மேல ஏறிரும்.

அடுத்தது சத்தம். நம்ம காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும், குதிரைக்கு 33,000 வரைக்கும் கேட்கும். நமக்குக் கேட்காத கீச்சுச் சத்தமெல்லாம் அதுக்குக் கேட்கும். அதனால முதல் சில நாள் ஒரு முடியைக்கூட எடுக்காதீங்க. காது மட்டும் திரும்பணும், கால் நகரக்கூடாது. அந்தத் தூரத்துல நின்னு மிஷினை ஓட விடுங்க. தலை லேசா இறங்கும், வாயை மெல்லும், மூச்சை நீளமா விடும். அந்த நிமிஷமே ஆஃப் பண்ணுங்க. தான் அசையாம நின்னா சத்தம் நிக்கும்னு அதுக்குப் புரியணும். நம்மாளுங்க துள்ளும்போதுதான் பதறிப்போய் ஆஃப் பண்றாங்க. அப்போ துள்ளினா தப்பிக்கலாம்னுதான் அது கத்துக்கும். துள்ளினா கொஞ்சம் பின்வாங்குங்க, ஆனா சத்தம் ஓடட்டும்.

அடுத்த நாள் இன்னும் ரெண்டு எட்டு கிட்டப் போகலாம். கொள்ளு வைக்கற நேரத்துல பக்கத்துல யாராவது மிஷினை ஓடவிட்டா இன்னும் சீக்கிரம் பழகும்.

சத்தம் பழகினாலும் அதிர்வு தனியாப் பழகணும். மிஷினை அணைச்சு வச்சு, அதோட முதுகுப் பக்கத்தைத் தோள்ல தடவிக் காட்டுங்க. அப்புறம் உங்க இடது உள்ளங்கையைத் தோள்ல அழுத்தி வச்சு, ஓடுற மிஷினை உங்க புறங்கை மேல வைங்க. உங்க கை வழியாத்தான் அதிர்வு அதுக்குப் போகும். செல்போனை வைப்ரேட்ல போட்டு உள்ளங்கையில மூடி வச்சுப் பழக்குறவங்களும் உண்டு, நல்ல யோசனைதான். இடையிடையே பிடரி முடியுற மேட்டுல நகத்தால நல்லா சொறிஞ்சு விடுங்க. குதிரைங்க ஒண்ணுக்கொண்ணு கடிச்சுச் சொறிஞ்சுக்கறது அந்த இடத்துலதான். அங்க சொறிஞ்சா இதயத் துடிப்பு குறையுதுன்னு 1993-லயே ஆய்வு வந்திருக்கு.

அதே மேலூர்: அண்ணே, சொன்ன மாதிரியே பழக்கினேன். இப்போ பாதி உடம்பு வரைக்கும் நல்லா நிக்குது, அப்புறம் ஒரேயடியா ஆடுது.

பிளேடைத் தொட்டுப் பாத்தீங்களா? சூடு ஏறியிருக்கும். சில நிமிஷத்துக்கு ஒருக்கா உங்க மணிக்கட்டு உள்பக்கம் வச்சுப் பாருங்க. உங்களுக்குச் சுட்டா அதுக்கும் சுடும். நிறுத்தி, முடியைத் தட்டி, எண்ணெய் விட்டு, ஆறினதும் தொடருங்க. பிளேடு மழுங்கியிருந்தா வெட்டாம இழுக்கும், வலிக்கும். உங்க பக்கத்துச் செம்மண் தூசி ஒரே குதிரையில பிளேடைத் தின்னுரும். முதல் நாளே குளிப்பாட்டி நல்லா காயவிட்டு அப்புறம் மிஷினைத் தொடுங்க. ஒயர் உள்ள மிஷின்னா தரை ஈரமா இருக்கக்கூடாது, கசிவு வந்தா கரண்டை வெட்டுற பிரேக்கர் இருக்கற பிளக்குலதான் மாட்டணும். காலுக்கடியில இரும்பு லாடம் இருக்கு, மறந்துறாதீங்க.

உசிலம்பட்டி: எங்க பெண் குதிரைக்குச் சத்தமெல்லாம் பயமில்லைங்க. கழுத்து, முதுகு எல்லாம் சரி. அடிவயித்துக்கும் தொடை இடுக்குக்கும் போனா வாலைச் சுழட்டி உதைக்குது. இதுவும் பயமா?

இது கூச்சம். வைத்தியமே வேற. ஈ உக்காந்தா அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறுற தசை குதிரைக்குத் தோலுக்கடியில இருக்கு. லேசாத் தொட்டா ஈ உக்காந்த மாதிரிதான் அதுக்கு. உதைக்குமோன்னு நீங்க பயந்துபயந்து விரல் நுனியால தொடுறீங்களே, அதுதான் கூசுது. கையை முழுசா விரிச்சு, கனமா, தோள்லேருந்து எடுக்காம விலா வழியா அடிவயித்துக்குக் கொண்டு போங்க. சிலிர்த்தா கையை எடுக்காதீங்க. அங்கயே அழுத்தி வச்சு, சிலிர்ப்பு அடங்கினதும் எடுங்க. தினம் தேய்க்கும்போதே இதைச் செஞ்சு வந்தா மிஷின் வரும்போது பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

மிஷினையும் அப்படித்தான். தட்டையா வச்சு நீள நீளமா ஓட்டுங்க, விட்டுவிட்டுக் கொத்தாதீங்க. முன்னங்கால் இடுக்குல தோல் மடிப்பு மடிப்பா இருக்கும். ஒருத்தர் அந்தக் காலைத் தூக்கி முன்னாடி நீட்டிப் பிடிச்சா தோல் விரியும், பிளேடு சிக்காது. தொடை இடுக்குக்குப் போகும்போது இடுப்போட ஒட்டி, வால் பக்கம் பாத்து நின்னு, ஒரு கை இடுப்பெலும்பு மேலயே இருக்கட்டும். கையெட்டுற தூரத்துல தள்ளி நிக்கறதுதான் ஆபத்து, உதை முழு வேகத்தோட விழுறது அங்கதான்.

ஒண்ணு கேக்குறேன்: முன்னாடியெல்லாம் கூசாம இருந்து இப்போ திடீர்னு கூசுதா? அப்படின்னா உண்ணி, வார் உரசின புண், படர்தாமரை இருக்கான்னு முடியை விலக்கிப் பாருங்க. வயித்துப் புண் இருக்கற குதிரையும் வயித்தைத் தொட விடாது. பெண் குதிரை பருவத்துல இருக்கும்போதும் இந்த இடத்துல எரிச்சல் காட்டும், அந்த வாரத்தை விட்டுப் பிடிங்க.

திருமங்கலம்: நெத்தியில ரெட்டைச் சுழி இருந்தா மிரளும்னு அந்தியூர் சந்தையில ஒருத்தர் சொன்னார். உண்மையா? மிஷின் போட்டா சுழி அழிஞ்சிடுமா? அப்புறம் விக்க முடியாதே!

ஆடி மாசம் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனா பல்லைப் பாக்கறவங்களைவிட சுழி பாக்கறவங்கதான் அதிகம். நான் சுழியைப் பாத்துக் குதிரையை எடை போடுறதில்லை, கையாளுற விதத்தைத்தான் பாப்பேன். சுழி அழியாது. முடி முளைக்கற திசை தோல்லயே இருக்கு, வளரும்போது அதே சுழியோட வரும். சுழிகிட்ட மட்டும் ஒரு கவனம். முடிக்கு எதிர்த் திசையிலதான் மிஷினை ஓட்டணும், சுழியில திசை மாறிக்கிட்டே போகும், அதனால மிஷினையும் கூடவே திருப்பணும். நேரா ஓட்டினா இழுக்கும், அந்த இழுப்புக்கே நல்ல குதிரையும் துள்ளும்.

அலங்காநல்லூர்: எங்க தாத்தா காலத்துல மேல் உதட்டுல கயிறு போட்டு முறுக்குவாங்க, குதிரை சிலையா நிக்கும். இப்போ சிலர் காதையே முறுக்குறாங்க. எது சரி?

காது வேண்டவே வேண்டாம். அது வலியாலயும் பயத்தாலயும் நிக்கறது. அடுத்த தடவை தலைக்கிட்ட கையே கொண்டு போக முடியாது, கடிவாளம் மாட்டறதே பெரும்பாடாயிரும். உதட்டுக் கயிறு வேற கணக்கு. அதைப் போட்டா உடம்புலயே வலி மறக்கடிக்கற எண்டார்ஃபின் சுரக்குதுன்னு 1984-ல ஆராய்ச்சி வந்தது. ஆனா அது சில நிமிஷத்துக்குத்தான். அஞ்சு நிமிஷத்தைத் தாண்டாம பாத்துக்கறது நல்லது. காயத்தைச் சுத்தி முடி எடுக்கணும், மருந்து போடணும்ங்கற அவசரத்துக்கு வச்சுக்கங்க. முழு உடம்பும் எடுக்க அதை நம்பாதீங்க.

கொடைக்கானல்: ஏரிக்கரையில சவாரிக்கு விடுற மட்டக்குதிரை, மார்கழியில கரடி மாதிரி முடி. எடுத்துடலாமா?

2,100 மீட்டர் உயரத்துக் குளிருக்கு அதுதானே கம்பளி? சவாரி போய் வேர்வையில நனைஞ்சு, காயாம ராத்திரி நடுங்குதுன்னா மட்டும் கழுத்தோட கீழ்ப்பாதி, மார்பு, அடிவயிறு எடுங்க. முதுகை விட்டுருங்க. எடுத்தா ராத்திரி சாக்கோ கம்பளியோ போத்தணும், அதுக்கு முடியாதுன்னா எடுக்கவே வேண்டாம். பகல் நீள ஆரம்பிச்சா தானாக் கொட்டும்.

ஒத்தக்கடை: அண்ணா, எங்க வயசான குதிரைக்குச் சித்திரை வெயில்லயும் முடி கொட்டலை, சுருண்டு நிக்குது. தண்ணி வேற குடிச்சுக்கிட்டே இருக்கு. மிஷின் போட்டாப் போதுமா?

போதாதும்மா. இந்த வெயிலுக்கு முடியை எடுத்துவிடுறது ஆறுதல்தான், ஆனா நோய் உள்ள இருக்கு. பதினஞ்சு வயசு தாண்டின குதிரைங்களுக்கு மூளைக்கடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி கெட்டா இப்படித்தான் முடி கொட்டாது, முதுகுச் சதை வத்தும், மூத்திரம் நிறையப் போகும், குளம்புக்குள்ள வீங்கி நொண்டவும் செய்யும். ரத்தத்துல ஏசிடிஹெச்ங்கற ஹார்மோன் அளவை டாக்டர்கிட்ட பாக்கச் சொல்லுங்க. பெர்கோலைடுன்னு மாத்திரை இருக்கு, வாழ்நாள் முழுக்கக் கொடுக்கணும்.

தெப்பக்குளம்: கல்யாண ஊர்வலத்துக்கு விடுற குதிரைங்க. மீசை, காது முடியெல்லாம் வழிச்சா பளிச்சுன்னு இருக்குமே?

மீசையைத் தொடாதீங்க. மூக்குக்குக் கீழ இருக்கறது அதுக்குக் கண்ணுக்குத் தெரியாது, அந்த முடியாலதான் தடவிப் பாக்குது. அதை வழிச்ச குதிரையைப் போட்டியில சேர்க்க மாட்டோம்னு உலகக் குதிரையேற்றச் சம்மேளனமே 2021-ல விதி போட்டிருச்சு. காதுக்குள்ள இருக்கற முடி ஈ, கொசுவைத் தடுக்குது. காது மடலை மூடிப் பிடிச்சு, வெளிய நீட்டுறதை மட்டும் கத்தரியால நறுக்குங்க, போதும்.

மேலூர்: கடைசியா ஒண்ணுண்ணே. மெடிக்கல்ல மயக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துட்டு வெட்டலாம்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க.

ஆண் குதிரைன்னு சொன்னீங்கள்ல? அசிப்ரோமசின் வகை மருந்து கொடுத்தா சில ஆண் குதிரைக்கு உறுப்பு வெளிய வந்து உள்ள போகாமலே போயிடும். கால்நடை மருத்துவர் வந்து, எடை பாத்து, சைலசின் மாதிரி ஊசி போடட்டும். போட்டதும் மிஷினை ஆன் பண்ணாதீங்க. சத்தமில்லாத இடத்துல நிறுத்தி, தலை நல்லாத் தொங்குற வரைக்கும் காத்திருங்க. அரை மயக்கத்துல பதறிட்டா மருந்து சரியா வேலை செய்யாது. தலை தொங்கினாலும் உதை குறி தப்பாது, அதனால இடுப்போட ஒட்டி நிக்கற பழக்கத்தை விடாதீங்க. முழுசாத் தெளியற வரைக்கும் புல், கொள்ளு எதுவும் வைக்காதீங்க, தொண்டையில அடைச்சுக்கும்.