பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துவிட்டால் கொழும்பில் மறுபடி குண்டு வெடிக்காதா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், போர்க்காலத்தில் நீங்கள் கொழும்பு லொட்ஜில் தங்கியவராக இருக்க மாட்டீர்கள். நான் தங்கினேன்.

2007 ஜூன் 7, விடியற்காலை, வெள்ளவத்தை. அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள். யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 பாதை மூடியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை வரை கப்பலில் வந்திருந்தோம். பொலிஸார் கதவைத் தட்டினார்கள். "அரை மணித்தியாலத்துக்குள்ள சாமானைக் கட்டட்டாம், அண்ணை" என்று லொட்ஜ் பொடியன்தான் மொழிபெயர்த்தான். அம்மா கிளினிக் கொப்பியை நீட்டினார். வந்தவர் அதைத் திறக்கவேயில்லை. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தது, அது போதும். பஸ் கொழும்பைத் தாண்டிய பிறகுதான், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து லொட்ஜ் ஃபிரிட்ஜிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. வவுனியா வரை அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைப் பொத்தியபடியே வந்தார். அன்று கொழும்பு லொட்ஜ்களிலிருந்து அப்படி பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றப்பட்ட தமிழர்கள் 300 பேருக்கும் மேல். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்தது, பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். அம்மாவின் அந்தக் கண் பிறகு தெளியவேயில்லை.

அது இந்தச் சட்டத்தின் கீழ் நடந்ததல்ல என்பீர்கள். சரி, ஆனால் ஆளைப் பார்க்காமல் விலாசத்தைப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான். புலிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றும் யாராவது எழுதுவீர்கள். 1996இல் மத்திய வங்கிக் குண்டில் 90 பேருக்கு மேல் செத்தார்கள். அதை நியாயப்படுத்த என் வாய் வராது. சதியைத் திட்டமிடும்போதே பிடிக்கச் சட்டம் வேண்டும்தான்.

ஆனால் 1979இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் இது. 18 மாதம் வழக்கில்லாமல் அடைத்து வைக்கலாம் என்றிருந்ததை 2022இல்தான் 12 ஆக்கினார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம் என்றால், தடயம் தேடி அலைய யாருக்கு மனம் வரும்? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபோது இத்தனை அதிகாரமும் கையில் இருந்தது. ஏப்ரல் 4இலேயே இந்தியா எச்சரித்திருந்தது. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றி அவரது ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே அதற்கு முன்பே முறைப்பாடு செய்திருந்தார்கள். கேட்கத்தான் ஆளில்லை. 260க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அதன் பிறகு சந்தேகம் முழு முஸ்லிம் சமூகத்தின் மேலும் விழுந்தது.

 

அயலில் உள்ளவன் வந்து சொன்னால்தான் எந்தப் பொலிஸுக்கும் தகவல் கிடைக்கும். போன மாதம் வீட்டு விபரப் படிவத்தோடு பொலிஸ்காரர் ஒருவர் வந்து பெல் அடித்தார். மரியாதையாகத்தான் பேசினார். உள்ளே அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து இன்சுலினை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.