செக் இருக்கிறது, கடன் எங்கே?

கேள்வி (சுருக்கமாக): எங்களுக்குக் காரைக்குடி பக்கம். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி வீட்டுத் தம்பிக்கு 3 லட்சம் அனுப்பினேன். ஐரோப்பாவில் ஆடும் ஒரு கால்பந்து வீரர் அடுத்து எந்த கிளப்பில் சேர்வார் என்று பணம் கட்டும் கணிப்புச் சந்தைத் தளத்தில் எனக்காகப் போட்டான். நான் சொன்ன கிளப்பில்தான் அவர் சேர்ந்தார். 'கெடு முடிந்த பிறகே அறிவிப்பு வந்தது, தோற்றுவிட்டோம்' என்கிறான். பெரியவர்கள் பேசி 7 லட்சத்துக்கு செக்கும் புரோநோட்டும் வாங்கித் தந்தார்கள். செக் திரும்பிவிட்டது. செக் வழக்கோடு மோசடிப் புகாரும் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் வளவு வீட்டுப் பங்கும், உங்கள் தங்கை கல்யாணத்துக்கு அவர்கள் வராததும்தான் இருக்கிறது. வருத்தம் நியாயமானதாகவே இருக்கட்டும், வழக்கில் அதற்கு இடமில்லை. வீரர் எப்போது சேர்ந்தார் என்ற சண்டைக்கும் இல்லை. மெஸ்ஸி மியாமிக்குப் போவதாக 2023 ஜூன் 7-ல் அவரே சொன்னார், கிளப் முறைப்படி அறிவித்தது ஜூலை 15-ல். ஜூன் 30 கெடு வைத்துப் பந்தயம் கட்டியவர்கள் விடிய விடிய வாதாடலாம். மாஜிஸ்திரேட் அதைக் கேட்க மாட்டார்.

அவர் கேட்பது ஒன்றுதான்: இந்த செக்குக்குப் பின்னால் சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் இருக்கிறதா?

இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தயம் செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்கும் போட முடியாது. முன்பெல்லாம் ஒரு சந்து இருந்தது. பந்தயம் செல்லாதது, ஆனால் சட்டவிரோதம் அல்ல என்று 1959-ல் கேருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, நடுவில் நின்றவர் வாங்கிய பணத்தையாவது கேட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டின் 2022 இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் அந்தச் சந்தையும் அடைத்துவிட்டது. அதன்படி இணையத்தில் பந்தயம் கட்டுவதே குற்றம்: கட்டியவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'கால்பந்தை அலசிப் பார்த்துக் கட்டினேன், அது திறமை' என்று சொல்லிப் பார்க்காதீர்கள். 2023-ல் உயர் நீதிமன்றம் விலக்கியது ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடையைத்தான்.

செக் திரும்பினால் அனுப்ப வேண்டிய வக்கீல் நோட்டீஸ், அதற்கான கெடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் பயம் நோட்டீஸில் நீங்கள் என்ன எழுதப்போகிறீர்கள் என்பதில்தான். என்னிடம் வருகிறவர்கள் அநேகமாக எல்லோருமே 'வீடு பழுது பார்க்கக் கைமாத்தாகக் கொடுத்தேன்னு போட்டுருங்க சார்' என்பார்கள். புரோநோட்டிலும் ரொக்கம் பெற்றுக்கொண்டதாகத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன என்று தோன்றும்.

குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே 7 லட்சம் ரொக்கம் எங்கிருந்து வந்தது, வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா என்பதாக இருக்கும். உங்கள் வங்கிக் கணக்கில் இருப்பதோ சிங்கப்பூருக்குப் போன 3 லட்சம். அடுத்து நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் வரும். செக் கொடுத்தவருக்குக் கடன் உண்டு என்ற அனுமானம் சட்டத்தில் இருப்பது உண்மை. அதை உடைக்க அவன் சந்தேகத்துக்கு இடமின்றி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, அவன் சொல்வதே நடந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும். 2010-ல் ரங்கப்பா வழக்கிலேயே அது தெளிவாகிவிட்டது. வழக்கு தோற்பதோடு நின்றால் உங்கள் அதிர்ஷ்டம். சத்தியம் செய்து பொய்ச் சாட்சி சொன்னதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. பங்காளி மேல் போட்ட வழக்கில் தானே குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றவரை நான் பார்த்திருக்கிறேன்.

மோசடிப் புகார் அதைவிட மோசம். முதல் பத்தியிலேயே உங்கள் குற்றத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள், சாட்சியமாக உங்கள் போனையும் கொடுக்கிறீர்கள்.

சமரசமாகப் போங்கள். 7 லட்சத்தை மறந்துவிட்டு, போட்ட 3 லட்சத்தை மட்டும் கேளுங்கள். அதையும் சட்டம் வாங்கித் தராது, பெரியவர்கள்தான் வாங்கித் தர முடியும். உரிமம் இல்லாத இணையச் சூதாட்டம் சிங்கப்பூரிலும் குற்றம் என்பதால் அவனுக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கும். அதற்காக 'உன் கம்பெனிக்கு எழுதிவிடுவேன்' என்று மிரட்டாதீர்கள், அது மிரட்டிப் பணம் பறித்த வழக்காகிவிடும்.

பணம் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து மட்டுமே வரட்டும். கிரிப்டோவை விற்று, முகம் தெரியாத நாலு பேரை ஜிபேயில் அனுப்பச் சொல்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்னிடம் வழக்குக்கு வந்த தேவகோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் அப்படித்தான் 80,000 ரூபாய் வாங்கினார். அனுப்பியதில் ஒன்று வடமாநிலத்தில் யாரையோ ஏமாற்றிய பணம். அந்த ஊர் போலீஸிடமிருந்து வந்த கடிதத்தில் அவருடைய கடைக் கணக்கு மொத்தமும் முடங்கியது. சரக்குக்குப் பணம் கட்ட முடியாமல் ஐந்து மாதம் அலைந்தார்.

3 லட்சம் வந்த அன்றே பெரியவர்கள் முன்னால் செக்கையும் புரோநோட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதுவரை நோட்டீஸ் எதுவும் போக வேண்டாம், கெடு போனால் போகட்டும்.