கார் கிளம்பாத நேரம்

அன்புள்ள ஐயா,
ஒரு மாதமாகப் பழைய ஹாலிவுட் நுவார் படங்களாக, அதாவது அந்த இருண்ட கறுப்பு வெள்ளைக் குற்றக்கதைகளாகப் பார்க்கிறேன். இழுவை தாங்காமல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டேன். எல்லாவற்றிலும் ஓர் ஏமாளி, ஒரு மோசக்காரி, ஒரு பிணம். இன்றும் இவற்றைக் கொண்டாடுவது வெறும் ஒளி, நிழல் அழகுக்காகத்தானா? பட்டியல் தந்தால் நல்லது.
ர.

அன்புள்ள ர.,

பட்டியல் தரமாட்டேன். ஒன்றரை மடங்கு வேகத்துக்குப் பட்டியல் எதற்கு?

நிழல் அழகுதான், மறுக்கவில்லை. 'டபுள் இன்டெம்னிட்டி'யில் (1944) சன்னல் பட்டைகள் வழியே விழும் வெயிலில் தூசி மிதக்கவேண்டும் என்று ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் துகளைக் காற்றில் ஊதிவிட்டுப் படம்பிடித்தார். நுவார் என்ற பெயரே 1946-ல் நினோ ஃப்ராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் எழுதிப் பரவியது. எடுத்தவர்களுக்குத் தாங்கள் நுவார் எடுக்கிறோம் என்றே தெரியாது. அது போகட்டும்.

மோசக்காரி என்கிறீர்கள். அதே படத்தில் அவள் கேட்டது கணவன் பேரில் விபத்துக் காப்பீடு. ரயிலில் செத்தால் இரட்டைத் தொகை, ஒரு லட்சம் டாலர் என்று கணக்குப் போட்டவன் அந்த இன்சூரன்ஸ் விற்பனையாளன். பாதிப் பழியை அவன் தலையில் போடுங்கள்.

என் அப்பாவும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்தான். சைக்கிளில் ஊர் ஊராகப் போனவர். பிரீமியத்தில் எட்டணா குறைந்தாலும் கைக்காசைப் போட்டுக் கட்டுவார். அவரை உட்காரவைத்து இந்தப் படத்தைப் போட்டேன். பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு இருவரும் காரில் ஏறுகிறார்கள். அவள் சாவியைத் திருகுகிறாள். கிளம்பவில்லை. மறுபடி திருகுகிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வலது கால் தரையை மிதிக்கிறது, அம்பாசடரைக் கிளப்புவதுபோல. அவன் குறுக்கே கை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சின் உறுமியதும், "அப்பாடா" என்றார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு கொலைகாரனின் கார் கிளம்பவேண்டுமே என்று எட்டணாவுக்குக் கணக்கு வைத்த மனிதரைத் தவிக்கவைத்தார் இயக்குநர் பில்லி வைல்டர். கொலைகாரன் தப்பக் கூடாது என்பது அன்றைய தணிக்கை விதி, முடிவில் தண்டித்தாயிற்று. ஆனால் நடுவில் நம்மையும் அந்தக் காரில் ஏற்றியாயிற்று. நான் இன்றும் பார்ப்பது இதற்காகத்தான். அந்தச் சில நொடிகளைத்தான், ஐயா, நீங்கள் ஓட்டிவிட்டீர்கள்! அது கதை அல்ல, காத்திருப்பு. அதை வேகமாகப் பார்க்க முடியாது. சாதா வேகத்தில், விளக்கை அணைத்து, மறுபடி பாருங்கள்.

படம் முடிந்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "கம்பெனி கிளெய்ம் கொடுத்ததா?"

இல்லை என்றேன்.

"அதானே," என்று படுக்கப் போய்விட்டார்.