பிரிண்டர் மை: எத்தனை பக்கம், பக்கத்துக்கு எவ்வளவு?

காட்ரிட்ஜ் (பிரிண்டருக்குள் மாட்டும் மைக்கூடு) பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, ஏ4 தாளில் சுமார் 5 வீதம் மை படும் சாதாரணக் கடிதத்துக்கானது. படம் நிறைந்த உயர்தரப் பரீட்சை வினாத்தாள் அடித்தால் அதில் பாதிகூடத் தேறாது.

விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் வாங்கும்போது லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கேட்கிறோமே, அதே கணக்குத்தான். எச்பி 682 கறுப்புக் காட்ரிட்ஜ் 480 பக்கம். எப்சன் 003 கறுப்புப் போத்தல் (65 மில்லிலீற்றர்) 4,500 பக்கம். போத்தலில் பக்கச் செலவு குறையக் காரணம் எளிது: அந்த காட்ரிட்ஜோடு மை தெளிக்கும் தலையையும் சேர்த்தே ஒவ்வொரு முறையும் வாங்குகிறீர்கள், போத்தலில் வெறும் மைதான். போத்தல் மையை ஊற்றி நிரப்பும் தாங்கிப் பிரிண்டரில் முதல் போத்தல் மட்டும் குறைவாக அடிக்கும், குழாய்களை நிரப்பவே கொஞ்சம் போய்விடும்.

ஆனால் தாங்கிப் பிரிண்டரின் விலை கூட. மாதம் பத்துப் பக்கம் அடிப்பவருக்கு அது வீண். பக்கத்துக் கடையில் அடிப்பதே இலாபம். யாழ்ப்பாண வெயிலில் சும்மா கிடந்தால் மை காய்ந்து தலையின் துளை அடைக்கும், துப்புரவாக்கவே மை கரையும். வாரம் ஒரு கலர்ப் பக்கமாவது அடியுங்கள்.

கறுப்பில் மட்டும் அடித்தால் கலர் மை குறையாது என்று பலர் நினைக்கிறார்கள். தலையைத் துப்புரவாக்கும்போது பெரும்பாலும் எல்லா நிறமும் செலவாகும்.