ராத்திரியில் முகம் தெரியுமா?

கேள்வி: வீட்டு வாசலில் மாட்ட கேமரா வாங்கப் போனேன். 8 மெகாபிக்சல் கேமராவைவிட 4 மெகாபிக்சல் கேமராவுக்கு விலை அதிகம் சொல்கிறார்கள். கேட்டால், "இதில் சென்சார் பெரிசு" என்று பதில் வருகிறது. நிஜமா, இல்லை தலையில் கட்டப் பார்க்கிறார்களா?

பதில்: நிஜமாக இருக்கலாம். சென்சார் என்பது லென்ஸுக்குப் பின்னால் இருந்து வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு. இரண்டின் விவரத்தாளையும் வாங்கி, சென்சார் அளவு என்ற வரியை முதலில் பாருங்கள். ஒன்றில் 1/2.8 அங்குலம், மற்றதில் 1/1.8 அங்குலம் என்று இருக்கும். கீழே உள்ள எண் சிறிதானால் சென்சார் பெரிது. (இந்த அங்குலக் கணக்கு பழைய குழாய் கேமரா காலத்து மிச்சம். ஸ்கேலை வைத்து அளந்தால் ஒத்து வராது.)

1/2.8 சென்சாரில் 8 மெகாபிக்சலைத் திணித்தால் ஒரு பிக்சலின், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் ஒரு புள்ளியின், அகலம் சுமார் 1.45 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). 1/1.8 சென்சாரில் 4 மெகாபிக்சல் என்றால் சுமார் 2.9 மைக்ரான். அகலம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. மழைக்கு டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பகலில் இது தெரியாது, 8 மெகாபிக்சல் பளிச்சென்றே இருக்கும். இருட்டியதும் வெளிச்சம் போதாமல் கேமரா ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கும். 1/12 நொடி திறந்திருந்தால், அதற்குள் நடந்து போகிறவர் சுமார் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். சுவரும் செடியும் துல்லியமாக இருக்கும், ஆள் மட்டும் ஈரத் துணியால் துடைத்த கோலம் மாதிரி இழுபட்டிருப்பார். நமக்கு வேண்டியதோ அந்த ஆளின் முகம்!

சோனியின் ஸ்டார்விஸ் போன்ற பின்பக்க ஒளி சென்சார்களில், உள்ளே ஓடும் கம்பித் தடங்கள் ஒளி உணரும் பகுதிக்குப் பின்னால் போய்விடுகின்றன. வெளிச்சத்தை மறிக்க எதுவும் இல்லை. அந்தப் பெயர் இருந்தால் நல்லதுதான், ஆனால் அதே பெயரில் சின்ன சென்சாரும் வருகிறது. அளவைக் கேட்காமல் விடாதீர்கள். அப்புறம், லென்ஸின் எஃப் எண்ணையும் பாருங்கள். எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது. எஃப் 2.0 லென்ஸைவிட எஃப் 1.0 நான்கு மடங்கு வெளிச்சம் விடும். பெட்டியில், எவ்வளவு குறைந்த வெளிச்சத்திலும் படம் தெரியும் என்பதற்கு '0.001 லக்ஸ்' (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருப்பதை நான் கண்டுகொள்வதே இல்லை. எந்த ஷட்டர் வேகத்தில் அளந்தது என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

ராத்திரியும் விளக்கு நன்றாக எரியும் பெரிய முற்றம், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்றால் 8 மெகாபிக்சலே வாங்கலாம். உங்களுக்கு வாசல்தானே? 4 போதும், சென்சார் நிஜமாகவே பெரிதாக இருந்தால்.

கடையில் ஓட விடும் விளம்பர வீடியோவை நம்ப வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு ஒருவரை கேமரா முன்னால் வேகமாக நடக்கச் சொல்லுங்கள். பதிவை நிறுத்தி முகத்தைப் பாருங்கள். வீட்டில் மாட்டிய பிறகு ஷட்டரை ஆட்டோவில் விடாமல் 1/25 நொடிக்கு மேல் திறந்திருக்காதபடி வையுங்கள். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரியும், பரவாயில்லை, முகம் அவ்வளவாக இழுபடாது.